மட்டம் தவறினால்: சிறு விமான எஞ்சினில் ஃப்ளோட் கோளாறு

(பிள்ளைப்பாக்கத்தில் தொழிற்பயிற்சி மாணவர்களும் சிப்காட் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை ஷிப்டு முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரிகிறது. ஐடிஐ மாணவர்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள். முன்னால் வந்துவிடுங்கள். மேஜைமேல் இருக்கும் இந்தப் பொருளைக் கிட்டே இருந்து பார்த்தால்தான் பேச்சு புரியும். இது பிங் 64 என்ற கார்புரேட்டர். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துத் தயாரிப்பு. ஆஸ்திரியாவில் செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 என்ற விமான எஞ்சினில் இதுபோல இரண்டு இருக்கும். இதற்குள் மிதக்கிற சின்னஞ்சிறு ஃப்ளோட்தான் இன்றைய பேச்சின் நாயகன். அது கெட்டால் எஞ்சின் என்ன சொல்லும், அதை எப்படிக் கேட்டுப் புரிந்துகொள்வது, எங்கே கை வைப்பது, எங்கே கை வைக்கக் கூடாது என்பதைப் பேசலாம்.

இதை இந்த ஊரில் வந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் ஓடுகின்றன. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கிறது. பக்கத்து மறைமலைநகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து நாட்டின் இரு சக்கர வண்டிகளுக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது. கார்புரேட்டர் என்றால் என்ன என்று கையால் அறிந்த தலைமுறை ஒன்று இந்த வட்டாரத்தில் வளர்ந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 விதி வந்ததும் புதிய வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இன்று ஐடிஐயில் சேரும் பையனும் பெண்ணும் ஓடுகிற வண்டியில் ஃப்ளோட்டைப் பார்க்காமலேயே சான்றிதழ் வாங்கிவிடலாம்.

வானத்தில் நிலைமை வேறு. பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னா 152, பழைய செஸ்னா 172 எல்லாம் கார்புரேட்டரில்தான் பறக்கின்றன. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களின் பிப்பிஸ்ட்ரெல் வைரஸ் மைக்ரோலைட்டில் ரோட்டாக்ஸ் 912. நம் நாட்டிலேயே வடிவமைத்த ஹன்சா-3, பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வகத்தின் குழந்தை, ரோட்டாக்ஸ் 914 எஞ்சினோடு பறந்தது. அந்த எஞ்சினில் டர்போவும் உண்டு, இதே பிங் கார்புரேட்டர் இரண்டும் உண்டு. அதன் தம்பியான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பரில் முதன்முதல் பறந்தபோது இன்ஜெக்‌ஷன் வகையான 912 ஐஎஸ்சி வந்துவிட்டது. 2022 தொடக்கத்தில் கடல்மட்டச் சோதனைக்காக அது புதுச்சேரிக்கு வந்து பறந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆகவே புதியவை மாறுகின்றன, பழையவை மாறவில்லை. விமானம் பைக் போலப் பத்து வருடத்தில் கழிக்கிற பொருள் அல்ல. 1985-ல் உற்பத்தி நின்றுபோன செஸ்னா 152-இல் இன்னும் மாணவர்கள் பறக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கார்புரேட்டர் தெரிந்த கை தேவை.

சரி, அடிப்படைக்கு வருவோம். பிள்ளைப்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். மதகுக் கண்ணின் அளவு மாறுவதில்லை. ஆனால் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி நிற்கும்போது அந்தக் கண்ணில் பாய்கிற வேகமும், பங்குனியில் மட்டம் இறங்கிக் கிடக்கும்போது பாய்கிற வேகமும் ஒன்றா? கார்புரேட்டரின் ஜெட்டும் அப்படித்தான். ஜெட்டின் துளையை எத்தனை நுணுக்கமாகக் கடைந்திருந்தாலும், அதற்குப் பின்னால் நிற்கும் பெட்ரோலின் மட்டம் மாறினால் பாய்கிற அளவும் மாறும். அந்த மட்டத்தை மாறாமல் பிடித்து வைப்பதுதான் ஃப்ளோட்டின் வேலை. பவுல் என்ற கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் ஃப்ளோட் மேலே வந்து, நீடில் என்ற ஊசி வால்வைச் சீட்டில் அழுத்திப் பெட்ரோல் வரத்தை அடைக்கும். இறங்கினால் திறக்கும். எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் இந்தத் திறப்பும் அடைப்பும் நடந்துகொண்டே இருக்கும்.

எத்தனை நுணுக்கம் என்று கேட்பீர்கள். வழக்கமான விமானக் கார்புரேட்டரில் பெட்ரோல் தெளிக்கும் நாசியின் வாய்க்குச் சுமார் 3 மி.மீ. கீழே பெட்ரோல் மட்டம் நிற்க வேண்டும். அந்த 3 மி.மீ.தான் நமக்கும் நாசத்துக்கும் உள்ள இடைவெளி. மட்டம் ஏறி நாசியைத் தொட்டுவிட்டால் எஞ்சின் கேட்காமலேயே பெட்ரோல் வழியும். அதிகம் இறங்கினால், முழு வேகத்தில் ஏறுகிற நேரத்தில் எஞ்சினுக்குத் தீனி போதாது.

இனி ஃப்ளோட்டின் எடை. ரோட்டாக்ஸ் கையேடு ஒரு கார்புரேட்டரின் இரண்டு ஃப்ளோட்டுகளையும் சேர்த்து 7 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 7 கிராம் என்பது ஒரு பவுன் தங்கத்துக்கும் குறைவு. இதில் ஒரு கிராம் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். கணக்குப் போடுவோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தைத் தள்ள வேண்டும். பெட்ரோலின் அடர்த்தி மில்லிக்குச் சுமார் 0.72 கிராம். ஒரு கிராம் கூடினால் இன்னும் 1.4 மில்லி பெட்ரோலைத் தள்ள வேண்டும், அதாவது ஃப்ளோட் அதற்கு ஏற்ற ஆழம் கூடுதலாக மூழ்க வேண்டும். இரண்டு ஃப்ளோட்டின் மேற்பரப்பும் சேர்ந்து 7 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2 மி.மீ. ஆழம் வருகிறது. ஃப்ளோட் 2 மி.மீ. மூழ்கி மிதந்தால் நீடிலை அடைப்பதற்குப் பெட்ரோல் மட்டம் அந்த 2 மி.மீ. அதிகம் ஏற வேண்டும். நம்மிடம் இருந்த இடைவெளியே 3 மி.மீ.தான். கிராம் கணக்கு எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தீர்களா?

பிங் ஃப்ளோட் உள்ளே வெற்றிடம் உள்ள பந்து அல்ல. நுண்ணறைகள் கொண்ட கருப்பு நுரைப் பிளாஸ்டிக். சில தொகுதிகளில் வந்த ஃப்ளோட்டுகள் மெல்ல மெல்லப் பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போயின. ரோட்டாக்ஸ் நிறுவனமே சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டு, கழற்றி எடை பாருங்கள் என்று உலகம் முழுதும் சொன்னது. அமெரிக்க மார்வெல்-ஷெப்லர் கார்புரேட்டர்களின் கதையும் இப்படித்தான். செஸ்னாக்களில் இருப்பது பெரும்பாலும் அந்த வகை. முதலில் பித்தளைத் தகட்டை ஈயம் பற்ற வைத்துச் செய்த ஃப்ளோட். அதன் பற்று விரிந்து உள்ளே பெட்ரோல் புகுந்தது. அடுத்து வந்த கலவைப் பொருள் ஃப்ளோட் பெட்ரோலைக் குடித்தது. அதன்பின் வந்த உள்ளீடற்ற பிளாஸ்டிக் ஃப்ளோட்டின் ஒட்டுகளில் கசிவு. கடைசியில் நீல நிற எப்பாக்சி ஃப்ளோட். ஒரு மிதக்கும் துண்டுக்கு இத்தனை தலைமுறை தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே கழற்றும்போது உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு எப்படி வரும் என்பதை அதுவே பாதி சொல்லிவிடும்.

இனி நோயறிதல். இதில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

மட்டம் ஏறிவிட்ட எஞ்சின் முதலில் ஐடிலில் தடுமாறும். புகைபோக்கியில் கரும்புகை. பிளக்கைக் கழற்றினால் பஞ்சு போல உலர்ந்த கரி. நிறுத்திய பிறகும் கார்புரேட்டரின் அடியில் சொட்டும். விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்எல்-க்கு நீலச் சாயம் கலந்திருப்பதால், சொட்டிக் காய்ந்த இடத்தில் நீலக் கறை தெரியும். காலையில் எஞ்சின் மூடியான கவுலிங்கைத் திறந்ததும் டார்ச் அடித்து முதலில் அந்தக் கறையைத் தேடுங்கள். சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சிரமப்பட்டால் அதுவும் இந்தப் பக்கத்துச் சாட்சிதான். மட்டம் குறைந்தாலோ, நீடில் மூடிய நிலையில் சிக்கினாலோ நேர்மாறு: ஐடிலில் ஒழுங்காக இருக்கும், த்ராட்டிலைத் திறந்து ஏறும்போது மூச்சு வாங்கும், புகைக்குழாயின் வெப்பநிலை ஏறும். ஆபத்து அதிகம் உள்ளது இந்த இரண்டாவதில்தான். ஓடுபாதை முடிந்து, கீழே இறங்க இடமில்லாத உயரத்தில்தான் அது தன்னைக் காட்டும்.

ரோட்டாக்ஸில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரு கார்புரேட்டர் ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டர்களுக்கு, மற்றது அடுத்த பக்கத்து இரண்டுக்கு. ஆகவே ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டரிலும் பிளக் கரியாகி, மறுபக்கம் சுத்தமாக இருந்தால் கோளாறு அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரைச் சார்ந்தது என்று பவுலைத் திறக்காமலேயே சொல்லலாம். நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரி கரி என்றால் ஃப்ளோட்டை விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுங்கள். பெட்ரோல் அழுத்தம், காற்று வடிகட்டி, சரியாக மூடாத சோக் கேபிள் ஆகியவை அந்த வகை.

ஃப்ளோட் வேடம் போட்டு வருகிற பிற கோளாறுகள் பல. முதலாவது பனி. சென்னையில் பனியா என்று சிரிக்காதீர்கள். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சுரியில் காற்று வேகமெடுப்பதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கலாம். மார்கழிக் காலையில் மீனம்பாக்கத்தில் வெளி வெப்பம் 24 டிகிரி, காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, விமானம் த்ராட்டிலை மூடி இறங்குகிறது என்றால் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்க எல்லாம் தயார். செஸ்னாவில் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பும் கார்ப் ஹீட் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பனியாக இருந்தால் எஞ்சின் முதலில் இன்னும் கெட்டு, உருகிய நீரை விழுங்கி, பிறகு தெளிந்து ஆர்பிஎம் ஏறும். பவுல் வழிகிற எஞ்சினாக இருந்தால் சூடான, அடர்த்தி குறைந்த காற்று சேர்ந்து கலவை இன்னும் கொழுக்கும். கெட்டது கெட்டபடியே நிற்கும். ஒரு கைப்பிடியை இழுத்ததில் இரண்டு நோயும் பிரிந்துவிடுகின்றன.

அடுத்து பிரைமர். குளிர்ந்த எஞ்சினை எழுப்ப விமானி கையால் அடிக்கும் சின்ன பம்ப். அது பூட்டாமல் விட்டாலோ அதன் ஓ-ரிங் தேய்ந்தாலோ, பெட்ரோல் கார்புரேட்டரைத் தொடாமல் நேராக சிலிண்டருக்குப் போகும். அறிகுறி அச்சு அசலாக ஃப்ளோட் கோளாறு மாதிரியே இருக்கும். நல்ல கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்து மாட்டி, மறுபடியும் அதே கரும்புகையைப் பார்த்து நிற்கும் மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாகச் சொல்வது எனக்கு மிக முக்கியமானது: பவுலின் மூச்சுக் குழாய். ஃப்ளோட் அறையின் மேல்புறம் வெளிக்காற்றோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோலை ஜெட் வழியாகத் தள்ளுவது அந்தக் காற்றின் அழுத்தம்தான். ஒரு பயிற்சி விமானத்தில் இப்படி நடந்தது. ஒரு பக்கம் எப்போதும் கரி. ஃப்ளோட்டை மாற்றினார்கள், நீடிலை மாற்றினார்கள், மட்டத்தை இறக்கியும் வைத்தார்கள். தரையில் எத்தனை நேரம் ஓட்டினாலும் தேன் மாதிரி ஓடும், பறந்து வந்தால் கரி. கடைசியில் கவுலிங்குக்குள் வேறு வேலையாகக் கை விட்டவர், அந்தப் பக்கத்து மூச்சுக் குழாயின் வாய் காற்றோட்டத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டார். முன்பு ஏதோ வேலை நடந்தபோது இடம் மாறிய குழாய் அது. பறக்கும்போது எதிர்க்காற்று அதில் புகுந்து பவுலை அழுத்த, பெட்ரோல் கூடுதலாகத் தள்ளப்பட்டது. காற்றோட்டம் தாக்காத, வெற்றிடமும் இல்லாத இடத்தில் அந்தக் குழாயை வைக்க வேண்டும் என்று ரோட்டாக்ஸ் சொல்வது இதற்காகத்தான். ஃப்ளோட்டில் பிழையே இல்லை. ஆனால் மூன்று முறையும் தண்டனை அதற்கே கிடைத்தது.

ஹன்சா-3-இன் 914 எஞ்சினில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. டர்போ ஏர்பாக்ஸில் காற்றை அழுத்தி நிரப்புகிறது. அதனால் ஃப்ளோட் அறைக்கும் அதே அழுத்தம் வேண்டும். பெட்ரோலும் அதற்கு மேல் அழுத்தத்தோடு வர வேண்டும். ஏர்பாக்ஸ் அழுத்தத்தைவிட 0.25 பார் அதிகம் என்பது அதன் இயல்பான அளவு, 0.15-க்குக் குறையக் கூடாது, 0.35-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீடிலை ஃப்ளோட்டால் அடைத்து வைக்க முடியாது, பவுல் வழியும். டர்போ இல்லாத 912-இலும் இந்தச் சண்டைதான்: வரத்து அழுத்தம் 0.15 முதல் 0.4 பார் வரை, புதிய வகை பம்ப்புக்கு 0.5 வரை. ஒரு பக்கம் பம்ப் தள்ளுகிறது, மறுபக்கம் 7 கிராம் ஃப்ளோட் தாங்குகிறது. பம்ப் பலம் கூடி வழிந்தாலும் நாம் திட்டுவது ஃப்ளோட்டைத்தான். அழுத்தமானியை மாட்டி அளக்காமல் பவுலைத் திறக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பியாட்ரிஸ் ஷில்லிங். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் கார்புரேட்டர் பொறியாளர். நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பெருமை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. 1940-இல் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு ஒரு தீராத வியாதி. எதிரியைத் துரத்த விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால், எஞ்சின் ஒரு கணம் அணையும். ஜெர்மன் விமானத்தில் நேரடி இன்ஜெக்‌ஷன் இருந்ததால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. தப்பித்துப் போய்விடும்.

என்ன நடந்தது என்றால், மூக்கு சாய்ந்ததும் பவுலில் இருந்த பெட்ரோல் மேல்பக்கம் எழும்பி ஜெட்டுக்கு எட்டாமல் போகும், எஞ்சின் விக்கும். அது முதல் தடுமாற்றம். அந்த நேரத்தில் ஃப்ளோட்டும் தவறான பக்கம் போய் நீடிலை முழுக்கத் திறந்துவிடும். பம்ப் தன் முழு பலத்தோடு பவுலை நிரப்பி வழியவிடும், எஞ்சின் பெட்ரோலில் மூழ்கும். இந்த இரண்டாவது தடுமாற்றம்தான் விமானியைக் கொல்லக்கூடியது.

ஷில்லிங் ஃப்ளோட்டைத் தொடவில்லை. முழு வேகத்தில் இந்த எஞ்சின் அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று கணக்கிட்டார். அந்த அளவுக்கு மேல் போகவிடாத துளை உள்ள சின்னப் பித்தளை விரற்குப்பி ஒன்றைப் பெட்ரோல் வரும் பாதையில் வைத்தார். நீடில் முழுக்கத் திறந்தாலும் வெள்ளம் வராது. விமானத்தை வேலையிலிருந்து நிறுத்தாமலே பொருத்திவிடலாம். 1941 மார்ச்சுக்குள் போர் விமானப் படை முழுதும் பொருத்தியாகிவிட்டது. நோய் முழுக்கத் தீரவில்லை, முதல் விக்கல் மிச்சம் இருந்தது. ஆனால் உயிர்போகும் பகுதியை அவர் அடைத்துவிட்டார். ஃப்ளோட் செய்யும் குற்றத்துக்கு மருந்து ஃப்ளோட்டில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி பவுலைத் திறக்கலாம். பெட்ரோல் வால்வை மூடுங்கள், பாட்டரியைத் துண்டியுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிங்கில் பவுலை ஒரு கம்பி வளையம்தான் பிடித்திருக்கிறது. அதைத் தள்ளி, பவுலைச் சாய்க்காமல் நேராக இறக்குங்கள். பெட்ரோல் உள்ளே இருக்கும், ஃப்ளோட் இரண்டும் அதில் மிதந்துகொண்டிருக்கும். அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே உயரத்தில் மிதக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஒன்று தாழ்ந்து நின்றால் நோயாளி அதுதான். அடியில் நீர்முத்தோ, பழுப்புத் துகளோ இருக்கிறதா? துகள் ஒன்று நீடிலுக்கும் சீட்டுக்கும் இடையே சிக்கினாலே பவுல் வழியும். ஃப்ளோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டி அந்தத் துகளை வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர்க் குழாயின் உட்தோலா, தொட்டியின் துருவா, சீலன்ட் துணுக்கா என்று பார்த்தால் அது வந்த வழி தெரியும்.

பிறகு ஃப்ளோட்டைத் துடைத்து, மேல்ஈரம் ஆவியாகும்வரை விட்டு, இரண்டையும் சேர்த்து எடை போடுங்கள். பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும். நகைக்கடையில் இருப்பது போதும், ஆனால் முதலில் அறிந்த எடைக்கல்லை வைத்துத் தராசையே சோதியுங்கள். உங்கள் லைனில் காலிப்ரேஷன் ஸ்டிக்கர் இல்லாத கேஜைத் தொடவே விடமாட்டார்கள் அல்லவா, அதே ஒழுக்கம் இங்கேயும். ஃப்ளோட்டின் பக்கவாட்டில் தேய்ந்த பளபளப்பு தெரிந்தால் பவுல் சுவரில் உரசி இருக்கிறது என்று பொருள். ஃப்ளோட் ஏறி இறங்கும் ஊசிகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா, நீடில் முனையில் வளையம் போலத் தழும்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இந்தத் தேய்மானத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அதிர்வு இருக்கும். இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப் போகாமல், ஐடில் 1,400 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கிக் குலுங்கும் எஞ்சினில் நீடில் சீட்டின்மேல் துள்ளிக்கொண்டே இருக்கும். புது நீடில் போட்டாலும் அதுவும் தேயும். இரண்டையும் ஒத்திசைத்த பிறகு பாருங்கள், பாதி வழிதல் தானாக நின்றிருக்கும்.

பித்தளை ஃப்ளோட் என்றால் வெந்நீர்ச் சோதனை. கொதிக்காத, நல்ல சூடான நீரில் முழுக்கி வையுங்கள். உள்ளே காற்று விரிந்து, கசிவு இருந்தால் குமிழி நூல் போல வரும். அந்த இடத்தைப் பற்ற வைத்து மறுபடி போடும் பழக்கம் முன்பு இருந்தது. பற்றின் எடையும் எடைதான். அதனால் மாற்றிவிடுவதே சரி.

மார்வெல்-ஷெப்லரில் மட்டம் வைப்பது எளிது. மூடியைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ்கட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் இடையே 7/32 அங்குலம், அதாவது சுமார் 5.5 மி.மீ., இருக்க வேண்டும். அந்த அளவு டிரில் பிட்டின் காம்பையே கேஜாக நுழைத்துப் பார்ப்பார்கள். நான் பயப்படுவது அதற்கு அடுத்து வரும் வேலையைக் கண்டுதான். நீடிலை அழுத்தும் ஃப்ளோட்டின் நாக்கை மூக்குக் குறடால் வளைத்து மட்டத்தை மாற்றலாம். ஒரு நொடி வேலை, பார்ப்பவருக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் கனத்துப்போன ஃப்ளோட்டுக்கு நாக்கை வளைத்தால் இந்த வாரம் சரியாக ஓடும். ஃப்ளோட் இன்னும் குடிக்கும், அடுத்த வாரம் மறுபடி வழியும். அழுத்தம் கூடிய பம்ப்புக்கு நாக்கை வளைத்தால், பின்னொரு நாள் யாரோ பம்ப்பை மாற்றியதும் மட்டம் அளவுக்குக் கீழே போய், ஏறும்போது எஞ்சின் அணையும். ஏன் என்று அன்று யாருக்கும் தெரியாது. கையேட்டு அளவுக்குத் திருப்பி வைப்பதற்காக மட்டுமே நாக்கைத் தொடுங்கள். அறிகுறியை மறைப்பதற்காகத் தொடவே தொடாதீர்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ரோட்டாக்ஸ் 912 கார் பெட்ரோலிலும் ஓடும், ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் கையேடு அனுமதிக்கிறது. இன்று நம் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து பவுலின் அடியில் தங்கும், ரப்பரை ஊதச் செய்யும். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் கேன் நிரப்பிக்கொண்டு போய் ஊற்றுகிற வேலை இனி வேண்டாம். ஏவ்காஸை முழுக்க இறக்குமதி செய்துகொண்டிருந்த நாம், 2022 செப்டம்பரிலிருந்து இந்தியன் ஆயிலின் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் செய்கிறோம். விலை கூடுதல்தான். அதைப் போடுங்கள்.

பைக் கார்புரேட்டர் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 2020-க்கு முன் வந்த கிளாசிக் 350-இல் இருந்ததும், இந்த பிங் 64-உம் ஒரே கொள்கையில் வேலை செய்பவை. பிங் 64 பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளிலும் இருந்ததுதான். ஆகவே உங்கள் கைக்கு இது அந்நியப் பொருளல்ல. ஆனால் சட்டம் வேறு. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடாமல் விமானம் பறக்கக் கூடாது. பிஸ்டன் விமானங்களுக்கு அந்த உரிமத்தின் பிரிவு பி1.2. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்தவர்களும், பொறியியல் டிப்ளமோ முடித்தவர்களும் அந்தப் படிப்பில் சேரலாம். 1910-இல் சிம்ப்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறைக்காரர்கள் ஹோட்டல் முதலாளி டி'ஆஞ்சலிஸுக்கு விமானம் கட்டிக்கொடுத்து, அது பல்லாவரத்தில் எழும்பிய வட்டாரம் இது. அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவின் கைத்திறன் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

என் வேண்டுகோள் இரண்டு. இங்கே வந்திருக்கும் ஐடிஐ ஆசிரியர்கள், கழித்துப்போட்ட பைக் கார்புரேட்டர் ஒன்றையாவது பயிற்சி மேஜையில் வைத்து, ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை ஃப்ளோட் மட்டம் வைத்த பிறகே அனுப்புங்கள். ஏற்கெனவே விமானப் பராமரிப்பில் இருப்பவர்கள், பவுலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஃப்ளோட் எடையையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். "சரிபார்த்தேன்" என்று எழுதாதீர்கள், 6.4 கிராம், 0.3 பார் என்று எண்ணை எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பவுலைத் திறப்பவருக்கு அந்த எண் வேண்டும்.